மானிட்டருக்குப் போனதும் தொண்டை கட்டிவிட்டது!

கேள்வி: லேப்டாப்பில் இளையராஜா பாடல்கள் இனிமையாகக் கேட்கின்றன. ஹெச்டிஎம்ஐ கேபிளால் பெரிய மானிட்டரில் இணைத்ததும் ஒரே கரகரப்பு. கேபிளை மாற்றியும் பயனில்லை. என்ன செய்ய?

பதில்: ராஜாவின் தொண்டைக்கு ஒன்றுமில்லை, கவலையை விடுங்கள்! ஹெச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் சுமந்து போகும். இணைத்தவுடன் விண்டோஸ் பெரும்பாலும் லேப்டாப் ஸ்பீக்கரைக் கைவிட்டு மானிட்டர் ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். பல மானிட்டர்களில் அது 2 வாட் குட்டி ஸ்பீக்கர். முழு சத்தம் வைத்தால் அலறத்தான் செய்யும்.

மானிட்டரில் ஹெட்போன் துளை இருக்கிறதா? அதில் ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். ஒலி சுத்தமாக வந்தால் குற்றவாளி ஸ்பீக்கரேதான். மானிட்டரின் மெனுவில் சத்தத்தைப் பாதியாக்குங்கள், கரகரப்பு அடங்கும்.

ஹெட்போனிலும் கரகரத்தால் கோளாறு லேப்டாப் பக்கம் இருக்கலாம். சவுண்ட் செட்டிங்கில் மானிட்டரைத் தேர்ந்து, ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை அணையுங்கள். ஃபார்மட்டை 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அப்படியும் தீராவிட்டால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள்: ஹெச்டிஎம்ஐ வழியே போகும் ஒலிக்குப் பொறுப்பு கிராஃபிக்ஸ் டிரைவரோடு வரும் ஆடியோ டிரைவர். லேப்டாப் ஸ்பீக்கரைக் கவனிக்கும் ரியல்டெக் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இராது.

கேபிளைப் பழித்ததும் வீண். அதில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் கெட்டால் ஒலி விட்டுவிட்டு வரும், படமும் மினுக்கும்.

இவ்வளவு பாடு வேண்டாமென்றால், டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி லேப்டாப் ஸ்பீக்கரையே தேர்ந்தெடுங்கள். படம் அங்கே, பாட்டு இங்கே. ராஜாவை 2 வாட்டில் அடைக்காதீர்கள், ப்ளீஸ்!