புளிச்சோறு கட்டிக்கிட்டே போ, மாப்ள!

ஏம்ப்பா மாப்ள, சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டாச்சாமே? பெட்டியில பாதி எடம் புளிச்சோத்துக்கும் பருப்புப் பொடிக்கும்தான்னு தங்கச்சி சொல்லுச்சு. நல்ல காரியம். நேரா லாவ் பா சாட்டுங்கிற சாப்பாட்டுச் சந்தைக்குப் போ. அம்புட்டுக் கடையும் ஆவி பறக்க நிக்கிறப்ப நட்ட நடுவுல உக்காந்து பொட்டலத்தப் பிரி. ஊரு மானம் அப்படியே மணக்கும்.

அது சும்மா சந்தையில்ல. எட்டு மூலைக் கட்டடம், 1894ல மெக்ரிச்சிங்கிற இஞ்சினியரு கட்டுனது. இரும்புத் தூணெல்லாம் கிளாஸ்கோவுல வார்த்துக் கப்பல்ல வந்துச்சு. 1973ல தேசியச் சின்னமாக்கிட்டாங்க. 1986ல பாதாள ரயிலுக்குச் சுரங்கம் தோண்டணும்னு அம்புட்டையும் கழட்டிப் பத்திரமா வெச்சு, வேலை முடிஞ்சதும் திரும்பப் பூட்டுனாங்க. நம்ம கையில கெடச்சிருந்தா எடைக்குப் போட்டு, பணத்தையும் பங்கு பிரிச்சிருப்போம்.

உக்கார எடம் தேடுறியா? காலி மேசையில டிஷ்யூ பாக்கெட்டு கெடந்தா, யாரோ மறந்துட்டாங்கன்னு மூக்கத் தொடைக்காத. நம்ம டவுன் பஸ்ஸுல சன்னல் வழியாத் துண்டு போடுறோமே, அதே சங்கதி.

வரிசை இல்லாத கடையாப் பாத்துப் போ. சீக்கிரம் கெடைக்கும். ஏன் வரிசையில்லன்னு மொதக் கவளத்துலயே தெரிஞ்சுபோயிடும்.

ஹைனான் கோழிச்சோறு வாங்குனா, “வெளேர்னு கெடக்கே, மசாலா எங்கய்யா?”ன்னு சத்தம் போடு. கோழி வெந்த சாறு, அதோட கொழுப்பு, இஞ்சி, பூண்டு, பாண்டான் இலை எல்லாத்தையும் சோத்துக்குள்ள எறக்கி வெச்சிருக்கான் பாவி. வித்தையே சோத்துலதான். நீ கோழியில தேடு.

லக்சாவுக்கு வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டுப் போ. தேங்காப்பாலும் காஞ்ச எறாலும் மிளகா எண்ணெயும் மெதக்குற கொழம்புல அரிசி நூடுல்ஸு நீந்தும். ஒரு உறிஞ்சுல சட்டைக்குப் புள்ளி டிசைன் வந்துடும், காசு தனியாக் கேக்கமாட்டான்.

முள்ளங்கி சாம்பாருன்னாலே மூஞ்சியச் சுளிக்கிற பய நீ. சாய் தாவ் குவேன்னு ஒண்ணு. முள்ளங்கியும் அரிசி மாவும் சேத்து அவிச்சு, வில்லை போட்டு, முட்டை ஒடச்சு ஊத்திப் பொரட்டித் தருவான். வெள்ளையும் உண்டு, இனிப்பு சோயா ஊத்துன கருப்பும் உண்டு. என்னன்னு கேக்காமத் தின்னு. தட்ட நக்குனத நான் யாருட்டயும் சொல்லல. ஆனா சார் குவே தியாவ்ங்கிற பொரட்டுன நூடுல்ஸு விக்கிற கடையில மட்டும், எதுல வதக்குறான்னு கேட்டுக்க. பன்னிக் கொழுப்புல வதக்குறது அதோட பழைய பழக்கம்.

பொழுது சாஞ்சா சந்தைய ஒட்டுன பூன் டாட் தெருவுல வண்டியெல்லாம் நிறுத்திட்டு மேசையப் போட்டுருவாங்க. கரி அடுப்புல சாத்தே வாட்டுற பொகை உன் பேரச் சொல்லிக் கூப்புடும். மஞ்சளும் எலுமிச்சம்புல்லும் ஊறுன கறி, தொட்டுக்க வேர்க்கடலைக் கொழம்பு. நீ குச்சிக்கு எத்தன ரூபான்னு வாய்ப்பாடு போட்டுக்கிட்டே இரு. கணக்கு முடியறப்ப உனக்குக் குச்சி மிஞ்சும்.

அந்தத் தெரு தெலுக் ஆயர் தெருவுல சேர்ற முக்குல நாகூர் தர்கா நிக்குது பாரு. தென்னிந்தியாவுலேருந்து போன சூலியா முஸ்லிமுங்க 1828லேருந்து 1830க்குள்ள கட்டுனது. அப்ப அது கடலோரம். இப்ப மண்ணக் கொட்டிக் கடலையே தள்ளி வெச்சுட்டாங்க. அவங்க கட்டிட்டுப் போன சோறு கரை சேர்ற வரைக்கும் தாங்கியிருக்குமா சொல்லு? எறங்குன எடத்துல இருந்ததத் தின்னு பழகுனாங்க, நெலச்சாங்க. நீ விமானத்துல நாலு மணி நேரத்துல போறவன், உனக்குப் பொட்டலம் வேணும்தான்.

கடைசியா ஒரு கோப்பி. பால் வேணாம்னா ‘கோப்பி ஓ’, சீனியும் வேணாம்னா ‘கோப்பி ஓ கோசோங்’. கும்பகோணம் டிகிரி காப்பி கேட்டு அந்த மனுசன அழவிடாத.

தின்ன தட்டை நீயே எடுத்து வெச்சுடு. அதுக்கு அங்க சட்டமே உண்டு. எடுக்காட்டி மொதல்ல எச்சரிப்பான், மறுபடியும் எடுக்காட்டி 300 சிங்கப்பூர் வெள்ளி அபராதம். வீட்டுல தட்டை எடுக்காத ஆம்பளைக்கு அங்க போனாத்தான் கை வளையும்.

இம்புட்டும் ஒரே நாள்ல தின்னா வயிறு ஏதாவது சொல்லும். கோடாலித் தைலம் வாங்கி வெச்சுக்க. வாங்குறதுதான் வாங்குற, நாலு பாட்டிலா வாங்கு. உனக்கு ஒண்ணு போதும், மூணு எனக்கு. யோசனை சொன்ன கூலி.