தானமாக வந்த சாலை

கிங் கவுண்டி சாலைத் துறையின் மேன்மை தங்கிய அதிகாரிகளுக்கு,

சியாட்டிலுக்குக் கிழக்கே வரி கட்டிக் காலம் தள்ளும் நகரவாசி ஒருவனின் நன்றிக் கடிதம் இது.

நகரங்கள் எல்லையை நீட்டிக்கொண்டே போனதில் இடையில் சிக்கி உங்கள் கணக்கிலேயே தங்கிவிட்ட துண்டுச் சாலைகளுக்கு ‘அநாதைச் சாலைகள்’ என்று பெயரும் வைத்து, நகரங்களே தத்தெடுக்கட்டும் என்கிறீர்கள். நகரச் சேவைகளை நகரங்களே கவனிக்கட்டும் என்று வாஷிங்டன் மாநிலத்தின் 1990-ம் ஆண்டு வளர்ச்சி மேலாண்மைச் சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். நாங்கள் பார்த்துவிட்டோம்.

வெள்ளைக் கோடு முடிகிற இடத்திலேயே பள்ளம் தொடங்குகிறது. பள்ளம் தெரியாதபடி பிளாக்பெர்ரி முள் மூடியிருக்கிறது. நடைபாதையும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. நவம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். மழையில் நனைந்துகொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் கோட்டின் மேலேயே நடக்கிறார்கள் பிள்ளைகள். உங்களிடம் இருக்கும்வரை இதற்குப் பெயர் கிராமத்து அழகு. பத்திரம் எங்கள் பெயருக்கு மாறிய மறுநாளே நகராட்சியின் அலட்சியம்!

சரி, அகலப்படுத்தலாம் என்றால், வழிந்தோடும் மழைநீரைத் தேக்கிச் சுத்தம் செய்து விட வேண்டும். சாலைக்கு அடியில் துருப்பிடித்த குழாய் ஒன்று உண்டு. அதுவும் தானத்தில் சேர்த்தி. அதன் வழியே சால்மன் மீன் ஏறிப் போக முடிய வேண்டும். மீனை மறித்த குழாய்களுக்காகப் பழங்குடியினர் தொடுத்த வழக்கில் மாநில அரசே 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. (மீன் பக்கம்தான் நியாயம், அது வேறு விஷயம்.)

பணத்துக்கு எங்கே போவது? பெட்ரோல் வரியில் நகரங்களின் பங்கை மாநிலம் தலைக்கணக்குப் பார்த்துத்தான் பிரிக்கிறது. சாலை எத்தனை மைல் என்று கேட்பதில்லை. இந்தத் துண்டின் ஓரம் குடியிருப்பவை டக்ளஸ் ஃபர் மரங்களும் மான்களும்தான்.

உங்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. நகர எல்லைக்கு வெளியே இருக்கும் சுமார் இரண்டரை லட்சம் பேரின் சொத்து வரியை நம்பி, ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் சாலையையும் 180 பாலங்களையும் கட்டி மேய்க்கிறீர்கள். அந்தச் சாலைகளில் தினமும் சர்ரென்று பறப்பது அந்த வரியில் ஒரு டாலர்கூடக் கட்டாத எங்களைப் போன்ற நகரவாசிகள். சொத்து வரி வசூல் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது என்று 2001-ல் வாக்களித்துப் பூட்டுப் போட்டதும் மாநிலத்து வாக்காளர்களே. 2007-ல் நீதிமன்றம் பூட்டை உடைத்தது. அந்த ஆண்டே சட்டமன்றம் புதுப் பூட்டு வாங்கி மாட்டியது. தார் விலைக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது.

ஆகவே கையெழுத்துப் போடச் சொல்லி எங்கள் நகர மன்றத்துக்கு நானே சிபாரிசு செய்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் உங்களுக்கு ஆள் பழக்கம் அதிகம். அடுத்த தலைக்கணக்கில் மான்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். வாசல் கேமராவில் குடும்பம் குடும்பமாகப் பதிவாகியிருக்கின்றன. விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தத்தெடுக்கக் காத்திருக்கும் ஒருவன்