கள்ளிக்காட்டு நடுவர்

நெய்யாறு அணைக்குப் போகிற பாதையில், கள்ளிக்காட்டைச் சுற்றிய ஊர்களில், வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர் ஒருவராவது உட்காராத சாயக்கடை கிடையாது. மற்றவர்கள் அங்கிருந்து அத்தரும் கம்பளியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார்கள். குதிரைக்கார அண்ணன் கொண்டுவந்தது அபிப்பிராயம்.

பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு அவரிடம் குதிரை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இருப்பது இரண்டு ஆடும் கொஞ்சம் ரப்பரும்தான். தோஹாவில் அவருக்கு டிரைவர் வேலை. முதலாளி குடும்பத்தை அல் ஷகபில் இறக்கிவிட்டு, காட்சி முடிகிற வரை காத்துக் கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் வண்டியில் ஏ.சி.யைப் போட்டுத் தூங்கினார்கள். இவர் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். 1992-இல் தொடங்கிய குதிரைப் பண்ணை அது. வளாகமே மேலிருந்து பார்த்தால் லாட வடிவம். அங்கே பிறந்து உலகச் சாம்பியனான மர்வான் அல் ஷகப் என்ற குதிரையின் அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த வருஷம் 2000 என்பது வரை ஒப்பிப்பார். தங்கை மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

அரபிக் குதிரைக் காட்சியில் மார்க் போடுகிற முறைதான் அவருக்கு வேதம். இனக்களை, தலையும் கழுத்தும், உடம்பும் முதுகும், கால், நடை என்று ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 20. அரை மார்க்கும் உண்டு. உலகத்தின் எல்லாச் சண்டையும் அந்த அரை மார்க்கில்தான் என்பது அண்ணனின் கருத்து. மூக்குத்தண்டு குழிந்திருக்க வேண்டும், கண் பெரிதாக இருக்க வேண்டும், ஓடும்போது வால் கொடியாக எழ வேண்டும். "மத்த குதிரைக்கு விலா எலும்பு 18 ஜோடி, அரபியில சிலதுக்கு 17தான் கேட்டியா" என்று ஒருநாள் சொன்னபோது, சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர், "எண்ணிப் பாத்தேளா அண்ணா?" என்றார். அன்று சாயாவுக்கு நடையில் 11 போட்டார். காலே இல்லாத சாயாவுக்கு நடை எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

ஊரில் அவருக்கு எதிர்க்கட்சி ஆனைப் பிராந்தன்மார். தலைப்பொக்கம் பார்த்து, எந்த ஆனை மஸ்தகத்தை எவ்வளவு தூக்கியது என்று விடிய விடியத் தர்க்கம் செய்கிற கூட்டம் அது. "நின்ன இடத்திலேயே தலையைத் தூக்குறதுக்கா சம்மானம்? நடக்கச் சொல்லு, திரும்பச் சொல்லு, பாப்போம்" என்பார் அண்ணன். இதில் அவரிடம் நியாயம் இருக்கிறது. குதிரையைக் கையில் பிடித்து ஓட்டியும் நிறுத்தியும் காட்டுகிற போட்டியைத்தான் அவர் தோஹாவில் அதிகம் பார்த்தார். ஆனால் மனசு போனது சவாரிப் போட்டிகளில். அமெரிக்காவில் ஸ்காட்ஸ்டேலில் 1955 முதல் நடக்கிற காட்சியை ராத்திரி போனில் பார்த்துவிட்டு, காலையில் சாயக்கடை மேசையில் நடத்திக் காட்டுவார்.

கண்ணாடி கிளாஸ்கள் குதிரைகள். சர்க்கரை டப்பா நடுவர். கிளாஸ்கள் மேசை ஓரமாகவே சுற்ற வேண்டும்; முதலில் வாக், பிறகு டிராட், பிறகு கேன்டர். "ரிவர்ஸ்!" என்று அண்ணன் அறிவித்ததும் எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். கடைசியில் வரிசையாக நடுவில் வந்து நின்று, ஒவ்வொன்றாக நாலடி பின்னால் போக வேண்டும். வெஸ்டர்ன் பிளெஷர் என்கிற வகையில் கடிவாள வார் தொய்ந்து தொங்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் சவாரிக்காரனுக்குக் குதிரை மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். பெதூயின் உடுப்பு, குஞ்சம், மணி எல்லாம் போட்டு வருகிற வகை ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் ஆனைக் கட்சிக்காரர்களும் காதைக் கொடுப்பார்கள். நெற்றிப்பட்டம் கண்டவர்கள் அல்லவா.

"இதில ஒரு சூட்சுமம் உண்டு மக்களே. நடுவர் நடுவில நிக்காரு, எல்லாக் குதிரையையும் ஒரே நேரத்தில பாக்க ஒக்காது. தப்பு வரும்னு தெரிஞ்சா அவரு முதுகுப் பக்கம் போறப்போ வரணும். நல்லா ஓடுறப்போ முன்னால வரணும்." இதைக் கேட்டுக்கொண்டிருந்த பஞ்சாயத்து மெம்பர் அர்த்தபுஷ்டியோடு தலையாட்டினார்.

சரித்திரமும் அவருக்குச் சாதகம். பாண்டிய நாட்டுக்கு அரபுத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்ததையும், பராமரிக்கத் தெரியாமல், சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டு, வந்ததில் பெரும்பாலானவற்றைச் சாகவிட்டதையும் மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிவைத்திருக்கிறார். அண்ணனுக்கு இது சொந்தத் துக்கம். "அன்னைக்கு நான் இல்லாமப் போனேனே" என்று அவர் சொல்லும்போது கண் நிஜமாகவே கலங்கும்.

போன ஆடியில் அவரை அந்தியூருக்குக் கூட்டிப் போனோம். குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடுகிற குதிரைச் சந்தை. கத்தியவாரி, மார்வாரி என்று வரிசையாகக் கட்டியிருந்தார்கள்; உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் காதுகள். கொட்டுக்குத் தகுந்தபடி ஒரு குதிரை முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடியது. கூட்டம் விசிலடித்தது. அண்ணன் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

தூய வெள்ளையில், தோல் ரோஜா நிறத்தில், ஒரு நுக்ரா நின்றது. அந்த வரிசையிலேயே விலை கூடியது அதுதான். "அரபியில வெள்ளைன்னு நாம சொல்றது கருப்பாவோ பழுப்பாவோ பிறந்து, வயசாக வயசாக நரைச்சது. உள்தோல் கருப்பா இருக்கும். இதுக்கு இனக்களையில 12க்கு மேல போட ஒக்காது" என்றார். வியாபாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் செரீங். சுழி பாத்தீங்களா?" என்றார்.

அண்ணன் விழித்தார். வியாபாரி குதிரையின் நெற்றி மயிரை ஒதுக்கிக் காட்டினார். கழுத்தைத் தடவி, நெஞ்சைத் தொட்டு, மயிர் சுழித்திருக்கிற இடம் ஒவ்வொன்றையும் காட்டினார். எந்தச் சுழி வீட்டுக்கு ஆகும், எது எஜமானுக்கு ஆகாது என்று கடகடவென்று அடுக்கினார். "நீங்க சொல்ற நூறு மார்க்கும் இருந்து, சுழி சுத்தமில்லீன்னா கட்டுத்தறிக்கு ஒருத்தனும் வரமாட்டானுங். வேணும்னா ஒரு சுத்து ஏறிப் பாருங்களேனுங்ணா."

"முட்டுவலி" என்றார் அண்ணன். ஆனால் நோட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் கோடு போட்டுக்கொண்டார். ஈரோட்டில் ரயில் ஏறும்போது மொத்த மார்க் 120 ஆகியிருந்தது.

போன வாரம் தரகர் ஒருவர், அண்ணனின் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை போட்டோவோடு சாயக்கடைக்கு வந்தார். அண்ணன் படத்தைத் தூரத்தில் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார்.

"ஆளு கொள்ளாம். உச்சியில சுழி ஒத்தையா ரெட்டையா? ரெட்டைன்னா ரெண்டு கல்யாணம் கேட்டியா."

"வழுக்கை அண்ணா."

அண்ணன் நோட்டை மூடினார். "அப்போ அந்தக் கட்டம் வேண்டாம். நூத்துக்கே போடுவோம்."