இருபத்துநாலில் ஒரு பங்கு

இரவு பத்து மணிக்கு ஒருவர் மாவுச் சல்லடையில் குப்பையைச் சலித்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பீர்கள்? வீட்டில் யாருடைய மூக்குத்தியோ தொலைந்துவிட்டது என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். புணேயின் கராடியில் இந்த அடுக்ககத்துக்கு நான் குடிவந்த முதல் வாரம். எதிர் பிளாட் வாசலில் சம்மணம் போட்டு, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, மாவ்ஷி காலையில் பெருக்கி அள்ளிய குப்பையை ஒருவர் பயபக்தியோடு சலித்துக்கொண்டிருந்தார். (வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை இந்த ஊரில் மாவ்ஷி என்பார்கள்.) வாசலில் போட்டிருந்த கோலம் கொடுத்த தைரியத்தில் தமிழிலேயே கேட்டேன்.

"தங்கமா சார்?"

"கண்ணாடி."

"மூக்குக் கண்ணாடியா?"

"சைடு மிரர் சார். வலது பக்கத்து மிரர்." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு அரிசி நிற்கும் அளவுக்கு இடைவெளி காட்டினார். "குரோம் போட்டது. இடுக்கியிலேருந்து துள்ளிடுச்சு."

பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் அவர் ஒருவருக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்துவிடுவீர்கள். மாடல் கார் கட்டும் இந்த வர்க்கத்தார் பகலில் ஈயான் ஐ.டி. பார்க் பக்கம் ஏதோ ஒரு மாடியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் சாதுவாக உட்கார்ந்திருப்பார்கள். அடையாளம் கண்டுபிடிக்க ஒரே வழி விரல்நுனி. அதில் காய்ந்த பசை செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும். அலுவலகத்தில் கைரேகை வைத்துக் கதவு திறக்கும் இயந்திரம் வாரத்தில் இரண்டு நாள் இவரை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடும்.

இவர் உலகத்தில் எல்லாமே இருபத்துநாலால் வகுபட வேண்டும். 1966-ஆம் வருட மாடல் வோக்ஸ்வாகன் பீட்டில், நிஜத்தில் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல்; இவர் மேசையில் 17 சென்டிமீட்டர். மாருதி 800-ஐ அதே கணக்கில் செய்தால் 14 சென்டிமீட்டர்கூட வராது. இந்தக் கணக்கு காரோடு நின்றால் பரவாயில்லை. மேனேஜர் கூப்பிட்டு வைத்துத் திட்டும்போது எப்படி சார் சிரித்த முகமாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அஞ்சே முக்கால் அடி ஆள். இருபத்துநாலால் வகுத்தா ஏழு சென்டிமீட்டர் சார். ஏழு சென்டிமீட்டர் என்ன கத்திடும்?" என்றார்.

பொம்மை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. "இது ஸ்கேல் மாடல்" என்று முகம் சிவந்துவிடும். ஆனால் சர்க்கார் அப்படிச் சொல்வதில்லை. சுங்கவரிப் புத்தகத்தில் 9503 என்ற தலைப்பில், மூன்று சக்கர சைக்கிளோடும் மரப்பாச்சியோடும் இவருடைய ஸ்கேல் மாடலும் ஒரே கூடையில்தான் கிடக்கிறது. 2020 பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. பட்ஜெட் நாளில் அலுவலகமே வருமான வரி வரம்பைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மூலையில் உட்கார்ந்து 9503-ஐத் தேடிக்கொண்டிருப்பார். அன்று மதியம் சாப்பாடு இறங்காது.

வரி கட்டியும் வாங்குகிறார் என்பதுதான் வீட்டுப் பிரச்சினை. பார்சலை வாட்ச்மேன் அறையில் இறக்கச் சொல்லி, இருட்டிய பிறகு லேப்டாப் பையில் வைத்து மேலே கொண்டுவரும் ஏற்பாடு ரொம்ப நாள் நன்றாக நடந்தது. பிறகு சொசைட்டியில் கேட்டுக்கு ஒரு ஆப் வந்தது. யார் பார்சல் கொண்டுவந்தாலும் வீட்டிலுள்ள எல்லோருடைய போனும் சேர்ந்து டிங் என்கிறது. "ஏங்க, ஜப்பான்லேருந்து உங்க ஆபீஸ் ஃபைல் வந்திருக்காம்" என்று அவர் மனைவி பால்கனியிலிருந்து எங்கள் பால்கனிக்குக் கேட்கும்படி சொல்வார்.

பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்கும் சின்னச் சின்ன உறுப்புகள்தான் இருக்கும்: ஸ்டியரிங், இருக்கை, சைலன்சர், இருபது முப்பது பெயர் தெரியாத குச்சி. ஒவ்வொன்றையும் வெட்டி, வெட்டிய தழும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, ஒட்டிய இடத்தில் பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து. நம்மூர் டிங்கரிங் ஒர்க்‌ஷாப் மொத்தமும் ஒரு சாப்பாட்டு மேசையில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை ஃபெவிக்விக் ஜாதிப் பசையால் ஒட்டினால் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி பனிமூட்டம் போல வெளுத்துவிடுமாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. சொந்த அனுபவம் போலிருக்கிறது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் பெயின்ட் அடிக்கும் நாள்தான் நாள். அதற்கு எதிரி தூசி. கராடியில் தூசிக்கு என்ன பஞ்சம்? நாலு பக்கமும் முப்பது மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே குளியலறை. வெந்நீர் ஷவரைத் திறந்துவிட்டு அறை முழுக்க ஆவி நிரப்பி, தூசியெல்லாம் நனைந்து தரையில் படிந்ததும், பூனை மாதிரி உள்ளே போய் ஸ்பிரே அடிக்க வேண்டும். உலகம் முழுக்க இந்த வர்க்கத்தாருக்குத் தெரிந்த உபாயம்தானாம். உலகம் முழுக்கத் தண்ணீர் டேங்கர் லாரியில் வருவதில்லையே! "மாசம் பூரா டேங்கருக்குக் கொடுக்கிற காசுல, இவரு காருக்கு ஆவி பிடிக்கிறாரு" என்று மனைவி என்னிடம் முறையிட்டார். ஜலதோஷத்துக்குக்கூட அவர் ஆவி பிடித்து நான் பார்த்ததில்லை.

அடிக்கிற பெயின்ட் மெலிசாக இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் ஒரு கணக்கு சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்கே அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. நிஜக் காரில் பெயின்ட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். இவர் காரிலும் அதே பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அடித்துவிட்டால், இருபத்துநாலால் பெருக்குங்கள், நிஜக் காரில் கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டருக்குப் பூசிய மாதிரி. கதவு இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு, கார் பார்ப்பதற்கு சுண்ணாம்பு அடித்த கிணற்றுச் சுவர் போல ஆகிவிடும். மழைக்காலத்தில் அடித்தாலோ ஈரக்காற்று பெயின்டில் சிக்கிப் பால் ஊற்றிய மாதிரி வெளுக்கும். அதனால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இவருக்கு ஒட்டும் வேலை மட்டும்தான். மேகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் இவருக்கும் விவசாயிக்கும் திசைதான் வித்தியாசம்.

அடித்ததைக் காயவைப்பது அவருடைய அம்மாவின் இலாகா. மாயவரத்திலிருந்து வந்தவர், எழுபது தாண்டியவர். மகன் செய்யும் காரியத்தில் அவருக்குப் புரிந்த ஒரே பகுதி இதுதான். பால்கனியில் வடாம் காயும். பக்கத்தில் கவிழ்த்த எவர்சில்வர் வடிதட்டுக்கு அடியில் கார்க் கூடு காயும். தொட்டுப் பார்த்தால் கைரேகை பதிந்துவிடும் என்பதால் மோந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வாசனை இருந்தால் இன்னும் காயவில்லை. அம்மா குனிந்து, மூக்கைச் சுளித்து, "உள்ளே இன்னும் ஈரம் இருக்குடா. நாளைக்கு ஒரு வெயில் காட்டு" என்பார். அவர் கணிப்பு ஒரு தடவையும் தப்பியதில்லை என்று மகனே ஒப்புக்கொள்கிறார். இடையில் ஒரு தடவை கறுப்பு ஸ்பிரே காற்றில் திரும்பி வடாம் மேல் படிந்த சம்பவம் உண்டு. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"இதெல்லாம் ஒரு பொழைப்பாடா?" என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட, பதில் சொல்வதற்குப் பதிலாக அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு நகர் ரோடு நெரிசலில் நீந்தி, ஊரின் மறுகோடியில் கோத்ரூடுக்குப் போனார். அங்கே ஜோஷி குட்டி ரயில் காட்சியகம் இருக்கிறது. பாவ்சாகேப் ஜோஷி என்பவரின் ஆசை, 1998 ஏப்ரல் முதல் தேதி பொதுமக்களுக்குத் திறந்த காட்சியகமாக வளர்ந்தது. விளக்கு எரிய, சிக்னல் விழ, குட்டி ஊர் ஒன்றுக்குள் ரயில்கள் சுற்றிச் சுற்றி வரும். அம்மா கண்கொட்டாமல் பார்த்தார். திரும்பி வரும்போது மகன் ஆவலாக, "என்னம்மா?" என்றார்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா ரயில் ஓடறதுடா. உன் கார் ஓடலையே."

அந்த வாரம் அவர் யாரோடும் பேசவில்லை.

மனம் உடைந்த நாட்களில் இவருக்கு ஒரு புராணம் உண்டு. ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊரில் 1946-இல் டாமியா யோஷியோ என்பவர் ஒரு மரம் அறுக்கும் கம்பெனி தொடங்கினார். அதுதான் பின்னால் மர பொம்மைக்கு வந்து, 1960-இல் பிளாஸ்டிக்கில் யமாட்டோ போர்க்கப்பல் செய்து, இரட்டை நட்சத்திரச் சின்னத்தோடு இந்த வர்க்கத்தாரின் குலதெய்வமாயிற்று. மகன் டாமியா ஷுன்சாகு, போர்ஷே பந்தயக் காரை மாடலாகச் செய்ய வேண்டி, ஒரு நிஜ போர்ஷே 911-ஐயே வாங்கிக் கழற்றிப் பார்த்தாராம். கழற்றியது சரி, திரும்ப மாட்டத் தெரியாமல் போர்ஷே ஆட்களையே கூப்பிட வேண்டியதாயிற்று என்று முடியும் கதை. நம்மவர் அந்த இடத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் குறை. கதை கேட்ட மனைவி, "அவருக்கு வித்து லாபம் வந்தது" என்று மட்டும் சொன்னார்.

இவருக்கு நிஜமாகவே ஒரு கார் இருக்கிறது. தரைத்தளத்துக்குக் கீழே, தூணுக்குப் பக்கத்தில். இடது கதவில் ஒரு டேங்கர் உரசிய கோடு, பின் கண்ணாடியில் சொசைட்டிப் பிள்ளைகள் விரலால் வரைந்த முயல். மேலே பதினேழு சென்டிமீட்டர் காருக்கு இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கரடு, நைஸ், அதிநைஸ் என்று மூன்று வகை பாலிஷ் போட்டு, முகம் பார்க்கும் பளபளப்பு கொண்டுவருகிற மனிதர். "அதுல துளி எடுத்துக் கீழ இருக்கிறதுக்கும் போடுங்களேன்" என்று மனைவி கேட்டதற்கு, "நீளம்தான் இருபத்துநாலு மடங்கு. பரப்பு 576 மடங்கு. ஒருநாள் வேலை ஒன்றரை வருஷம் ஆகும்" என்று கணக்கில் அடித்துவிட்டார். கணக்கு சரிதான். நான் போட்டுப் பார்த்தேன்.

போன தீபாவளிக்கு ஒரு கூத்து. புணேயில் தீபாவளி என்றால் பிள்ளைகள் செம்மண்ணும் செங்கல்லும் சாக்குத்துணியும் வைத்துக் கோட்டை கட்டுவார்கள். கில்லா என்று பெயர். ராய்கட், சிம்ஹகட் என்று சிவாஜி மகாராஜாவின் ஏதாவது ஒரு கோட்டை. பச்சை தெரிய விதை தூவி முளைக்க வைப்பார்கள். உச்சியில் சிம்மாசனத்தில் மகாராஜா, படிக்கட்டெங்கும் மாவளா வீரர்கள். எங்கள் சொசைட்டிப் பிள்ளைகள் மாடல் நிபுணர் என்று இவரைக் கூப்பிட்டார்கள். ஸ்கேலும் கையுமாக இறங்கினார். அளந்தார். முகம் வாடியது. "மகாராஜா உட்கார்ந்தே ஆறு அங்குலம். காவல்காரன் நின்னு ரெண்டு அங்குலம். வாசல் ஒண்ணரை அங்குலம். இவங்க எப்படி உள்ளே போவாங்க? மகாராஜா எப்படி வெளியே வருவார்?" என்று இந்தியில் விசாரணை வைத்தார். இரண்டாம் வகுப்புப் பெண் ஒன்று மண்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, "காகா, ராஜா பெரியவர்தானே?" என்றது.

லிஃப்டில் ஏறும்போது என்னிடம் சொன்னார். "கொலுவுலயும் இதே பிரச்சினைதான் சார். செட்டியார் அவர் கடையைவிடப் பெரிசா இருப்பார். சின்ன வயசுலயே அம்மாகிட்ட சொல்லிப் பார்த்துட்டேன்."

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கீழே தரைத்தளமே செண்டுமல்லி வாசனை. எல்லா வண்டியிலும் ஆரஞ்சு மாலை. நிஜக் காருக்கு அம்மா முன்னின்று சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். டேங்கர் கோட்டின் மேலேயே ஒரு பொட்டு. நசுக்கியாயிற்று. மேலே வந்தோம். கண்ணாடி அலமாரியில் பதினொரு குட்டிக் கார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நெருங்க, மகன் குறுக்கே பாய்ந்தார்.

"அம்மா, பாலிஷ்! சந்தனம் பட்டா போச்சு."

"வருஷத்துல ஒரு நாள் பொட்டு இல்லாம வண்டியா?" கடைசியில் அலமாரிக் கண்ணாடியில் வைப்பது என்று சமரசம் ஆனது. ஆனால் அம்மா விடவில்லை. புதுசாக முடித்த பீட்டிலை, வலது பக்க மிரர் உட்பட முழுசாக நின்ற அதே பீட்டிலை, மேசை மேல் இறக்கச் சொன்னார்.

"இதுக்கு எலுமிச்சம்பழம்?"

"பழம் நாலு சென்டிமீட்டர்மா. சக்கரமே ரெண்டரைதான். கார் பழத்து மேல மலை ஏறணும்."

"அப்ப எவ்வளவு இருக்கணும்?"

"நாலை இருபத்துநாலால வகுத்தா… ஒண்ணே முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனார். அஞ்சறைப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தார். நாலு கடுகு.

நம்மவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெர்னியர் காலிப்பரை எடுத்து ஒன்றை அளந்தார். அளந்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். இடுக்கியால் ஒவ்வொன்றாகச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். மனைவி கற்பூரம் காட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலால் காரைத் தள்ளினார்.

ஓடியது. ஒரு அங்குலம் ஓடியது. அவர் கணக்கில் இரண்டடி. ஆனால் நூறு கிராம்கூட இல்லாத கார் கடுகை எங்கே நசுக்கும்? நாலும் நாலு திசைக்குத் துள்ளி, மூன்று மேசையிலேயே நிற்க, ஒன்று மட்டும் தரையில் உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

"நசுங்காத பழம் வீட்டுல கிடக்கக் கூடாதுடா, எடு" என்றார் அம்மா.

அவர் டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு தரையில் படுத்தார். மனைவி உள்ளே போய்ச் சல்லடையை எடுத்துவந்து, சும்மா நின்றுகொண்டிருந்த என் கையில் கொடுத்தார்.