உடும்புக்குப் பின் வந்த துப்பாக்கிகள்

புணேக்கு அருகிலுள்ள சிங்ககட் கோட்டைக்கு ஏறி முடித்ததும் முதல் வேலை, வரலாற்றைக் கொஞ்ச நேரம் ஒத்திவைத்துவிட்டுச் சாப்பிடுவது. பாக்ரி, கடலைமாவில் கிளறிய பிட்லா, சின்ன மண்சட்டியில் கெட்டித் தயிர். (நம் பாகற்காய்ப் பிட்லைக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. வாயில் போட்டால் யாரோ, எவரோ.) சாப்பிட்டபடி கீழே பார்த்தால் கடக்வாஸ்லா ஏரி தெரியும். வானம் தெளிவாக இருந்தால் அக்கரையில் தேசியப் பாதுகாப்பு அகாடமியும் தெரியும்.

இந்தியக் காலாட்படை ஆயுதத்தின் கதையை எங்கே தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால், இந்தப் பாறைச் சரிவைத்தான் காட்டுவேன். 1670 பிப்ரவரி 4 இரவு, சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே இந்தக் கோட்டையைப் பிடிக்க வந்தார். கையில் இருந்த நவீன ஆயுதம் ஓர் உடும்பு. அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டிச் சுவரில் ஏற்றிவிட்டால், அது மேலே கவ்விக்கொள்ளும். வீரர்கள் கயிற்றைப் பிடித்து ஏறிவிடலாம். உடும்புப் பிடி என்று நாம் சும்மா சொல்லவில்லை.

ஆனால் உடும்பு ஏற மறுத்தது. இரண்டாம் தடவையும் பாதியில் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை கொன்றுவிடுவேன் என்று தானாஜி மிரட்டிய பிறகு ஒழுங்காக ஏறியதாக மராட்டியக் கதைப்பாடகர்கள் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குகிறார்கள். பிதுக்கட்டும். கோட்டை விழுந்தது, தானாஜியும் விழுந்தார். எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான்: மூன்றே களச் சோதனைகள், ஒரே இரவு, ஆயுதம் படையில் சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்த நாட்டில் எந்த ஆயுதக் கொள்முதலும் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததாகத் தகவல் இல்லை.

அகாடமிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரனைக் கடற்கரையில் இறங்கி அடிக்கப் பயிற்சி தேவைப்பட்டது. கடல், சஹ்யாத்ரி மலைக்கு அந்தப்பக்கம் எங்கோ இருக்கிறது. அதனால் என்ன என்று வெள்ளைக்காரன் கடக்வாஸ்லா ஏரியின் வடகரையில் ஒரு பொய்க் கப்பலைக் கட்டி, அதற்கு ‘எச்.எம்.எஸ். அங்கோஸ்டுரா’ என்று கம்பீரமாகப் பேரும் வைத்தான். போர் முடிந்ததும் கப்பல் அங்கேயே கிடந்தது. சுதந்திர இந்தியா தன் முப்படை அதிகாரிகளுக்குப் பள்ளி கட்ட இடம் தேடியபோது, ஏரி, மலை, பக்கத்தில் லோஹகாவ் விமான தளம், நல்ல காற்று, கூடவே இந்த ஓடாத கப்பலும் இருப்பதைப் பார்த்து இதையே தேர்ந்தெடுத்தது. 1949 அக்டோபர் 6 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் திறப்பு விழா.

முகப்பில் நிற்கும் சூடான் பிளாக் பிறர் காசில் எழுந்தது. ஆப்பிரிக்கப் போர்முனையில் சூடானுக்காக ரத்தம் சிந்திய இந்தியச் சிப்பாய்களுக்கு நன்றியாக அந்த நாடு ஒரு லட்சம் பவுன் கொடுத்தது. பிரிவினையில் வீடு, வாசல், நாற்காலி எல்லாவற்றையும் பங்கு போட்டபோது நன்றியையும் பங்கு போட்டார்கள். நம் பங்குக்கு 70,000 பவுன் வந்தது. குவிமாடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இப்படி ஆள் செய்யும் தொழிற்சாலை ரெடி. பதினெட்டு வயசுப் பையனை உள்ளே விட்டால் மூன்று வருடம் கழித்து வெளியே வருவான். அதன்பின் தேராதூனில் ஒரு வருடம். மொத்தம் நாலே வருடத்தில் ஒரு காலாட்படை லெப்டினன்ட். ஒரு நாள் முன்னே இல்லை, ஒரு நாள் பின்னே இல்லை. அவன் கையில் கொடுக்க வேண்டிய சாமானுக்கு மட்டும் யாரும் தேதி குறிக்கவில்லை.

அந்தக் காலத்துச் சாமான் .303 லீ-என்ஃபீல்டு. என்னுடைய மொத்த ராணுவ அனுபவமும் இதோடுதான், ஆகவே கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தேன். தேசபக்தி ஒரு காரணம், பரேடு முடிந்து தரும் பூரி கிழங்கு இன்னொரு காரணம், எது பெரிய காரணம் என்று கேட்கக் கூடாது. சுடாத ஒரு .303-ஐத் தோளில் வைத்து வெயிலில் நிற்பேன். நாலு கிலோ. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியில் பிறந்த வம்சம் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

குண்டு ஒன்று சுட்டதும் போல்ட்டைக் கையால் இழுத்து மறுபடி தள்ள வேண்டும். இரண்டு உலகப் போர்களில் வென்ற துப்பாக்கி, குறையே சொல்ல முடியாது, இரண்டு உலகப் போர்களோடு நிறுத்தியிருந்தால். 1962-லும் நம் ஜவானிடம் அதுதான் இருந்தது. எதிரே சீனாக்காரன் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளோடு வந்தான்.

அப்போது பாதுகாப்பு மந்திரி வி. கே. கிருஷ்ண மேனன். சாமான் வாங்குவதில் முன் அனுபவம் உள்ளவர். 1948-ல் லண்டனில் ஹைகமிஷனராக இருந்தபோது ராணுவத்துக்குப் பழைய ஜீப்புகள் வாங்க ஒப்பந்தம் போட்டார். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போய்விட்டது. மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியவை 155. அவை படைக்கு உதவாது என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஜீப் ஓடவில்லையே தவிர ஜீப் விவகாரம் ஏழு வருடம் ஓடியது. 1955-ல் அரசு ஃபைலை மூடியது. 1957-ல் மேனன் பாதுகாப்பு மந்திரியானார். இதை நான் கற்பனை செய்யவில்லை. அவ்வளவு திறமை எனக்கு இல்லை.

அவர் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகள் காபி பெர்கொலேட்டர் செய்கின்றன என்று எதிர்க்கட்சியும் பத்திரிகைகளும் கேலி செய்து தீர்த்தன. கும்பகோணத்து டிகிரி காபியின் வாரிசுகளான நமக்கு இதில் தனி வருத்தம் உண்டு: செய்தது செய்தார்கள், ஃபில்டராவது செய்திருக்கக் கூடாதா? மேனனோ தேநீர்ப் பிரியர். 1962 அக்டோபர் 20 விடிகாலை சீனா தாக்கியபோது, எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் ஏழாவது பிரிகேடின் ஆட்கள் மலைக்குளிருக்கு ஒவ்வாத பருத்திச் சட்டையோடும் எண்ணிக் கொடுத்த தோட்டாக்களோடும் நின்றார்கள். அங்கே சிரிக்க ஒன்றும் இல்லை. அக்டோபர் முடியும்போது மேனன் அந்த இலாகாவில் இல்லை.

அதற்கு ஒரு வருடம் முந்தைய கதை ஒன்றை இங்கே செருகியாக வேண்டும், ஏனென்றால் அது கடக்வாஸ்லாவிலேயே நடந்தது. மேலே பான்ஷெத் என்று ஒரு புது அணை. வேலை முடியும் முன்பே தண்ணீர் நிரம்பிவிட்டது, கரை இறங்கத் தொடங்கியது. ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். ஜவான்கள் ராத்திரி முழுக்க மணல் மூட்டை அடுக்கினார்கள். 1961 ஜூலை 12 காலை பான்ஷெத் உடைந்தது. அந்த வெள்ளம் வந்து மோதியதில் 1879-லிருந்து நின்ற கடக்வாஸ்லா அணையும் போனது. புணேயின் பழைய பேட்டைகள் மூழ்கின. இருந்தாலும் அணை நடுராத்திரியில் உடையாமல் பகலில் உடைந்ததால் தப்பித்தவர்கள் ஏராளம். அந்தப் பத்தாண்டில் ராணுவத்துக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில், பழுதில்லாமல் வந்து சேர்ந்த ஆயுதம் கோணிப்பைதான் என்பது என் அபிப்பிராயம்.

சீனா கொடுத்த அறைக்குப் பிறகு வேகம் வந்தது. பெல்ஜியத்து எஃப்.என். துப்பாக்கியைப் போல ஒன்றை வங்காளத்து ஈஷாப்பூரில் செய்யத் தொடங்கினார்கள். பெல்ஜியம், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று மூன்று தேசத்துத் துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்து வரைந்ததில், பிறந்த குழந்தை மூவரையும் போலவும் இருந்தது, எவரோடும் ஒட்டவும் இல்லை. பெரியப்பா வீட்டுச் சாவி சித்தப்பா வீட்டுப் பூட்டைத் திறக்காத கதை. ஆனாலும் எஸ்.எல்.ஆர். என்ற அந்தத் துப்பாக்கி உழைத்தது. 1971-ல் அதைத் தூக்கிக்கொண்டுதான் டாக்கா போனோம். திருச்சியில் 1966-ல் திறந்த துப்பாக்கித் தொழிற்சாலைக்காரர்களைக் கேட்டால் இன்றைக்கும் எஸ்.எல்.ஆர். என்றதும் குரல் மாறும்.

நல்லதாக ஒன்று அமைந்தால் அதைத் தொந்தரவு செய்யாமல் விட முடியுமா? 1980களில் உலகமெல்லாம் 5.56 மில்லிமீட்டர் என்ற சின்னக் குண்டுக்கு மாறியது. தோட்டா எடை குறைவு, நிறைய சுமக்கலாம். எதிரி சாகாமல் காயம்பட்டால் அவனைத் தூக்க இன்னும் இரண்டு பேர் போவார்கள், ஆக மூன்று பேர் குறைவார்கள் என்று ஒரு கணக்கும் சொன்னார்கள். இந்தக் கணக்கு எதிரிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் ஒரே சிக்கல்.

இதற்கான துப்பாக்கியை வடிவமைக்கும் பொறுப்பு பாஷாணில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. பாஷாண், கடக்வாஸ்லாவிலிருந்து குன்றுகளைத் தாண்டினால் வந்துவிடும். ஒரு குன்றுக்கு இந்தப்பக்கம் துப்பாக்கி பிடிக்கும் ஆள் தயாராகிறான், அந்தப்பக்கம் அவன் பிடிக்கப் போகும் துப்பாக்கி தயாராகிறது. ஆள்தான் ஜெயித்தான். துப்பாக்கி தயாராவதற்குள் பல செட் பையன்கள் தேறி, கேப்டனாகி, மேஜராகி, முன்மண்டை வழுக்கையும் கண்டுவிட்டார்கள்.

பிறந்தது இன்சாஸ். அதன் உள்ளே திறந்து பார்ப்பது பொங்கல் மறுநாள் கூட்டாஞ்சோற்றைக் கிளறிப் பார்ப்பது மாதிரி. உள்ளே ஓடும் பிஸ்டன் ருஷ்யாவின் ஏகேஎம். வாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகு பெல்ஜியம். இடதுபக்கம் இழுக்கும் கைப்பிடி ஜெர்மனி. உள்ளிருக்கும் தோட்டாவை எண்ணிப் பார்க்க வசதியாக ஊறுகாய் பாட்டில் போலக் கண்ணாடியாய்த் தெரியும் பிளாஸ்டிக் மேகசின் ஆஸ்திரியா. கட்டையின் அடியில் துடைக்கிற சாமான் வைக்கிற சின்னக் கதவு யாருடையது தெரியுமா? நம் பாட்டன் லீ-என்ஃபீல்டுடையது. எடை? தோட்டா போடாமல் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நூறு வருட விஞ்ஞானம் ஜவானின் தோளில் ஒரு கிராம் குறைக்கவில்லை.

துப்பாக்கி வந்தும் அதற்கான தோட்டா இங்கே போதிய அளவில் தயாராகவில்லை. மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்துவிட்டார், தாலி இஸ்ரேலில் செய்யக் கொடுத்திருக்கிறது என்ற நிலைமை. நடுவில் காஷ்மீர் நிலவரம் கழுத்தைப் பிடிக்க, ஒரு லட்சம் அளவில் ஏகே ரகத் துப்பாக்கிகளை வெளியே வாங்கிச் சமாளித்தார்கள். 1998 குடியரசு தின அணிவகுப்பில் இன்சாஸ் ஊர்வலம் போனது. கைதட்டினோம்.

அடுத்த வருடம் கார்கில். குளிரில் அந்த ஊறுகாய் பாட்டில் விரிசல் விட்டது. மூன்று மூன்றாகச் சுட வைத்தால் சில துப்பாக்கிகள் மொத்தத்தையும் கொட்டின. சில, சுடுகிறவன் கண்ணிலேயே எண்ணெயைத் தெளித்தன. கையில் இருப்பதை வைத்துச் சண்டை போடுவோம் என்று தளபதி வி. பி. மாலிக் நாட்டுக்கே சொல்ல வேண்டி வந்தது. கடக்வாஸ்லாவில் படித்த கேப்டன் மனோஜ் குமார் பாண்டே, காலுபாரில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதுங்குகுழிகளைப் பிடித்துக்கொண்டே போய் ஜூலை 3 அன்று விழுந்தார். வயது 24. பரம்வீர் சக்ரம்.

2005-ல் நேபாள ராணுவமும் நாம் கொடுத்த இன்சாஸ் சண்டை நடுவே மக்கர் செய்ததாகப் புகார் சொன்னது. துப்பாக்கி சரிதான், பயன்படுத்திய விதம்தான் சரியில்லை என்று நம் தரப்பு பதில் சொன்னது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பதற்கு, கூடத்தைக் கட்டிய கொத்தனார் தரப்பு வாதம் இது.

பிறகு புதுத் துப்பாக்கி வாங்கலாம் என்று 2011-ல் உலக டெண்டர் போட்டார்கள். ஒரே துப்பாக்கி, குழலை மாற்றினால் சின்னக் குண்டும் சுட வேண்டும், பெரிய குண்டும் சுட வேண்டும். அமெரிக்காவில் வேலை, மயிலாப்பூரில் வாசம், தினமும் வீட்டுச் சாப்பாடு என்று மணமகன் தேவை விளம்பரம் கொடுத்த மாதிரி. பெரிய பெரிய கம்பெனிகள் வந்தன. நாலு வருடம் சோதித்து, 2015-ல் எதுவும் சரியில்லை என்று டெண்டரையே ரத்து செய்தார்கள். 2017-ல் ஈஷாப்பூரின் புதுத் துப்பாக்கியும் முதல் சோதனையிலேயே தோற்றது. அதே வருடம் தணிக்கைத் துறை, ராணுவத்திடம் இருக்கவேண்டிய 152 வகைத் தோட்டா, குண்டு ஆகியவற்றில் 61 வகை பத்து நாள் போருக்குக் கூடக் காணாது என்றது. எதிரியிடம் பதினோராம் நாள் வார விடுமுறை கேட்கலாம் என்று யாராவது குறிப்பு எழுதியிருப்பார்கள்.

அவசரத்துக்கு 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் துப்பாக்கி 72,400 வாங்க ஒப்பந்தம் ஆனது. மார்ச்சில் அமேதி பக்கம் கோர்வாவில் ருஷ்யக் கூட்டில் ஏகே-203 தொழிற்சாலையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். தொழிற்சாலை வந்ததும் என்ன விலை என்று பேச உட்கார்ந்தார்கள். பேச்சு முடிய கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆனது. தானாஜியாக இருந்தால் உடும்பையே நாலு உருப்படி வளர்த்து முடித்திருப்பார்.

2021-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஆகஸ்டில், பெண்களும் கடக்வாஸ்லா அகாடமி நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டிசம்பரில், 6,01,427 ஏகே-203 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 ஜூலையில் அவற்றில் 35,000 கைக்கு வந்திருந்தன. 2025 மே 30 அன்று, மூன்று வருடப் படிப்பைக் குறித்த நேரத்தில் முடித்து, முதல் 17 பெண்கள் தேறி அணிவகுத்து வெளியே வந்தார்கள்.