ஆயிரத்து முந்நூறு சிசியும் உங்கள் மருமகளும்

மாசாய், ஜொகூர்
நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

 

அக்கா உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "தம்பிக்குப் புத்தி பேதலிச்சிருச்சு மாமா. அஞ்சு லட்சம் குடுத்து பழைய பைக் வாங்கப் போறானாம்." இதில் இரண்டு திருத்தங்கள். ஒன்று, நான் இன்னும் வாங்கவில்லை. இரண்டு, ஐந்து லட்சத்துக்கும் கொஞ்சம் மேலே. இருபத்தைந்தாயிரம் ரிங்கிட். நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், அக்காவைப் பெருக்கச் சொல்லாதீர்கள்.

வண்டி யமஹா எஃப்ஜேஆர் 1300. அந்த வகை 2001-இல் வந்தது. நான் பார்த்து வைத்திருப்பது 2007 மாடல். 1298 சிசி, நான்கு சிலிண்டர், 25 லிட்டர் டாங்க். எண்ணெய், பெட்ரோல் எல்லாம் ஊற்றி நிறுத்தினால் எடை 290 கிலோவை ஒட்டி வரும். செயின் கிடையாது, காரைப் போல ஷாஃப்ட்தான் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. முன்கண்ணாடி பட்டனை அழுத்தினால் மேலே ஏறும், இறங்கும். இரண்டு பக்கமும் சூட்கேஸ் மாதிரி பெட்டி. வேகமாகவும் போக வேண்டும், நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்காகச் செய்தது. ஸ்போர்ட்ஸ் டூரிங் என்பார்கள். ஜப்பானில் போலீஸ்காரர்களே இதை ஓட்டியிருக்கிறார்கள். "போலீஸுக்கு அரசாங்கம் பெட்ரோல் போடும்டா" என்று நீங்கள் சொல்வது இங்கே கேட்கிறது.

பெட்ரோல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2025 செப்டம்பர் கடைசியில் மலேசியக் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட் ஆனது, மாதம் 300 லிட்டர் வரை. குடிமகன் என்று உறுதியானால்தான் அந்த விலை. என்னைப் போல வேலை பெர்மிட்டில் இருப்பவனுக்கு அப்போது 2.60-ஐ ஒட்டி இருந்தது. இந்த வண்டி லிட்டருக்குப் பதினாறு பதினேழு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். இப்போது நான் வைத்திருக்கும் ஹோண்டா இஎக்ஸ்5, பெட்ரோல் போட்ட தேதியே மறந்துபோகும் அளவுக்கு ஓடும்.

இந்தச் சின்ன மோட்டாரை இங்கே எல்லோரும் கப்சாய் என்பார்கள். நம் ஊர் டிவிஎஸ் 50-க்கு இருக்கும் மரியாதை இதற்கு உண்டு, வேகம் மட்டும் இரட்டிப்பு. கேஸ் சிலிண்டர் வரும், குழந்தை பள்ளிக்கூடம் போகும், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய மீன் தொங்கும். பக்கத்து வீட்டுத் தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியுமுன் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பி, 1924-இல் திறந்த, சிங்கப்பூருக்குப் போகும் அந்த ஒரு கிலோமீட்டர் பாலத்தைக் கப்சாயிலேயே தாண்டுகிறார். ஆயிரக்கணக்கான மோட்டார்கள் அங்கே முழங்காலோடு முழங்கால் உரசிக்கொண்டு நிற்கும். எஃப்ஜேஆரை அதில் கொண்டுபோய் நிறுத்தினால் இரண்டு பக்கப் பெட்டியும் நான்கு பேரின் கண்ணாடியைக் கழற்றிவிடும். "அண்ணே, அது மோட்டார் இல்லண்ணே, ரெண்டு சக்கரத்துல லோரி" என்றார் அந்தத் தம்பி. இத்தனைக்கும் வார இறுதியில் சூப்பர் பைக் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஆள் அவர்.

ஆக, தேவை என்று பார்த்தால் தேவையே இல்லை. வேலைக்குப் போக கப்சாய் போதும். கடைக்குப் போக அதுவே அதிகம். இதை நான் முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் எல்லோருக்கும் பாதி வேலை மிச்சம், ஆனால் யாரும் அதோடு விடுவதில்லை.

நான் ஆசைப்பட்டது சாலையைப் பார்த்துத்தான் மாமா. ஜொகூர் பாருவை விட்டு மூன்றாம் எண் சாலையைப் பிடித்தால் உலு திராம், கோத்தா திங்கி தாண்டி மெர்சிங் வரை கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் செம்பனை, நடுநடுவே காடு, யானை கடக்கும் இடம் என்று பலகை. மெர்சிங்கில் கடல். அப்படியே வடக்கே போனால் குவாந்தான். மேற்குப் பக்கம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் கோலாலம்பூர் 330 கிலோமீட்டர். ஒரே டாங்கில் போய்விடலாம். இதைவிட ஆனந்தம், அந்த நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணமே கிடையாது. 1300 சிசிக்கும் கிடையாது. கார்க்காரர்கள் கார்டைத் தட்டிக்கொண்டு நிற்க, நாம் ஓரமாக இருக்கும் சந்தில் புகுந்து போய்க்கொண்டே இருக்கலாம். வேக வரம்பு 110 என்பதால் அந்த எஞ்சின் பாதி தூக்கத்தில்தான் ஓடும்.

2025 ஜனவரியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி சனியிலிருந்து சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை கோத்தா திங்கி சாலையில் உள்ளூர் வண்டிகளோடு சிங்கப்பூர் நம்பர் போட்ட பெரிய வண்டிகளும் சேர்ந்து வருகின்றன. சிங்கப்பூரில் ஒரு பைக்கை வைத்துக்கொள்ளும் உரிமையையே பத்து வருஷத்துக்குத் தனியாக ஏலத்தில் எடுக்க வேண்டும். அவ்வளவு கொடுத்து வாங்கியவர்கள் ஓட்டுவதற்கு நீளமான சாலை தேடி நம் பக்கம் வந்துவிடுகிறார்கள். நான் சாலை இருக்கும் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு கப்சாயில் முட்டை வாங்கப் போகிறேன்.

இன்னொன்று. இந்த மாநிலத்தில் பெரிய மோட்டாரில் ஊர் சுற்றுவது விளையாட்டுப் பிள்ளைகள் வேலை என்று யாரும் சொல்ல முடியாது. 2001 முதல் கெம்பாரா மக்கோத்தா ஜொகூர் என்று ஒரு பயணம் நடக்கிறது. சுல்தான் இப்ராஹிம் பட்டத்து இளவரசராக இருந்த காலத்தில் தொடங்கியது. மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களைப் பார்ப்பார், மோட்டார் சைக்கிளில்! இப்போது அவர் மலேசியாவின் மாமன்னர். இதை உங்கள் மருமகளிடம் சொன்னேன். "அவருக்கு முன்னாடி பைலட் வண்டி போகும். உங்களுக்கு முன்னாடி சிமெண்ட் லோரி போகும்" என்றாள்.

விற்பவர் ஒரு சீனப் பெரியவர், ஓய்வு பெற்றவர். மூட்டு வலி வந்துவிட்டதால் விற்கிறார். தாய்லாந்து வரை போய் வந்த ஸ்டிக்கர்கள் பெட்டி முழுக்க. மரியாதையான மனிதர், காபி கொடுத்தார், பொறுமையாகப் பேசினார். ஆனால் நான் போய் எஞ்சினைத் தொட்டபோது அது ஏற்கெனவே சூடாக இருந்தது. நீங்கள் சொல்லித் தந்ததுதானே: பழைய வண்டியின் குணம் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் தெரியும். கேம் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில நொடிகளில்தான் கடகடவென்று காட்டிக்கொடுக்கும். "கடைக்குப் போய் வந்தேன்" என்றார். அவர் வீட்டு வாசலில் நின்றிருந்த கப்சாயைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் சூடு. எந்தக் கடைக்கு இரண்டு வண்டியில் போவார்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது, காபியோடு விழுங்கிவிட்டேன்.

மீட்டர் 61,000 கிலோமீட்டர் காட்டியது. இந்த எஞ்சினுக்கு வால்வு இடைவெளியை 42,000-த்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். பார்த்தீர்களா என்று கேட்டேன். "யமஹா லா. நோ நீட் லா" என்றார். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பின்டயரில் 2317. அதாவது 2017 ஜூன் மாதத்து டயர். பூ தேயவே இல்லை, பார்க்கப் புத்தம் புதுசு. நகத்தை வைத்து அழுத்தினால் கல். நவம்பர் மழையில் இதை நம்பிச் சாய்த்தால் நான் நேராகச் செம்பனைத் தோட்டத்துக்குள்தான் போய்ச் சேருவேன். பிரேக் ஹோஸ்கள் வண்டியோடு பிறந்தவை. முன் ஃபோர்க்கில் லேசாக எண்ணெய்க் கசிவு.

சரி, ஓட்டிப் பார்த்தேன். என்னிடம் பி லைசென்ஸ் இருக்கிறது, கவலை வேண்டாம். பி2 என்றால் 250 சிசியோடு நிறுத்திவிடுவார்கள். முதலில் ஸ்டாண்டிலிருந்து இறக்க வேண்டும். குளத்தில் படுத்திருக்கும் எருமையை எழுப்பிக் கரையேற்றும் வேலை. நம் உயரத்துக்கு இரண்டு கால் விரலும்தான் தரையில் படும். பெரியவரும் நானும் சேர்ந்து வாசலில் திருப்புவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. சிக்னலில் நின்றால் எஞ்சின் சூடு இரண்டு தொடையிலும் அடிக்கும். முதல் தலைமுறை எஃப்ஜேஆருக்கு இந்தப் பெயர் உலகம் முழுக்க உண்டு, பிறகு கொஞ்சம் குறைத்தார்கள் என்கிறார்கள். பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரி மேலே இருக்கும் ஊரில் கொஞ்சம் குறைத்தால் போதாது மாமா.

ஆனால் உலு திராம் தாண்டியதும் எல்லாம் மாறிவிட்டது. ஐந்தாம் கியர்தான் கடைசி. அதில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். முன்னால் லோரி போனால் கியரைத் தொட வேண்டாம், மணிக்கட்டைத் திருப்பினால் போதும், லோரி பின்னால் இருக்கும். கண்ணாடியை ஏற்றினேன், காற்று நின்றது. அந்த 290 கிலோ எங்கே போனது என்றே தெரியவில்லை. கோத்தா திங்கியில் திரும்பியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் போய்த் திரும்பினேன். பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியைத்தான் முதலில் பார்த்தார், பிறகு என்னை.

மறுவாரம் மாசாய் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப்போனேன், காலை ஏழு மணிக்கே, சொல்லாமல். இந்த முறை எஞ்சின் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் ஆனதும் ஒரு சின்ன கடகட, உடனே நின்றுவிட்டது. அண்ணன் காதை வைத்துக் கேட்டார், ஷாஃப்ட் எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மோட்டார் நல்ல மோட்டார்ண்ணே. சாமான்தான் தொல்லை. ஜப்பான்லேர்ந்து வரணும் லா. பழசு பிரிச்சு விக்கிற கடையில கெடைச்சா அதிர்ஷ்டம். கெடைக்கலைன்னா ரெண்டு மாசம் மோட்டார் என் கடையில தூங்கும், நீங்க டெய்லி வந்து பாத்துட்டுப் போவீங்க." அவர் சொன்ன கணக்கு: டயர் இரண்டும், பிரேக் ஹோஸ், ஃபோர்க் சீல், கேம் செயின் டென்ஷனர், வால்வு வேலை, எல்லா எண்ணெயும் சேர்த்து நாலாயிரம் ரிங்கிட்டாவது எடுத்து வைக்க வேண்டும். சாலை வரி வருஷம் 350. காப்புறுதிக்கு விசாரித்தேன். வண்டியின் வயதைக் கேட்டதும் எதிர்முனையில் ஒரு நிமிஷம் பேச்சில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் தருவார்களாம். யாராவது தூக்கிக்கொண்டு போனால் போனதுதான். ஆக, பெரியவர் கேட்கும் இருபத்தைந்தாயிரம் வெறும் முன்பணம்.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். "உதிரி கிடைக்காத வண்டியை வாங்காதே" என்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நாங்கள் இருவரும் உட்கார்ந்து கேட்டோம். மைசூர் தொழிற்சாலையை 1996-இல் மூடிய பிறகும் இன்று வரை எஸ்டி ரோட்கிங் பைக் வைத்திருக்கிற மாமா சொல்கிறார்! கார்புரேட்டர் ஜெட்டுக்காக மதுரை டவுன்ஹால் ரோட்டையும் அது கிடைக்காமல் பெங்களூரையும் சலித்த மாமா சொல்கிறார்! பின்னால் அத்தை "அதைச் சொல்ல இவருக்கென்ன யோக்யதை" என்றதும் பதிவாகியிருக்கிறது. அடுத்த முறை மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுங்கள்.

உங்கள் மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். நான் காகிதத்தில் கணக்கெழுதிக் காட்டியபோது படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பயமாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத் தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்: "பின்னாடி உட்கார்றவங்களுக்குச் சாய்ஞ்சுக்க ஏதாவது இருக்கா?" நடுப்பெட்டி ஒன்று மாட்டினால் அதில் முதுகுத் திண்டு வரும் என்றேன். "பத்துமலைக்கு எத்தனை மணி நேரம்?" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அதன் பிறகு பேரம் எங்கள் வீட்டுக்குள்தான் நடந்தது. கப்சாயை விற்கக் கூடாது. மழைக்காலம் முடியும் வரை நெடும்பயணம் கிடையாது. 2006 கடைசியில் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கிய கதையை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். புது டயர் போடாமல் அவள் ஏற மாட்டாள். விலை இருபத்தோராயிரத்துக்கு மேல் ஒரு காசு போகக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் பெரியவரிடம் நான் சொல்ல வேண்டாம், அவளே பேசுகிறாளாம்.

பேசினாள். ஆங்கிலம் பாதி, மலாய் பாதி, வால்வு, டென்ஷனர், 2317 எல்லாம் வரிசையாக. நான் வாசலில் நின்று பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் இருபத்திரண்டாயிரத்தில் நிற்கிறார். "அந்த ஆயிரத்துக்கு அவர் நடுப்பெட்டியையும் ஜாக்கெட்டையும் சேர்த்துத் தரட்டும்" என்று வந்துவிட்டாள். அவர் மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். முடிவானால் போக்குவரத்து இலாகாவில் இருவரும் கட்டைவிரலை வைத்துப் பெயர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

எனவே மாமா, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். டென்ஷனரை எஞ்சினைப் பிரிக்காமல் மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதுங்கள். இந்த ஊர் அண்ணன் கெட்டிக்காரர், ஆனால் உங்கள் கையெழுத்தில் வந்தால் எனக்குத் தைரியம். அம்மா கேட்டால் செகண்ட் ஹேண்ட் வண்டி, யமஹா, 1300 என்று மட்டும் சொல்லுங்கள். அதை விலை என்று நினைத்துக்கொண்டால் நீங்கள் திருத்த வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். ரோட்கிங் ஸ்டார்ட் ஆனால் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்