உலகத் தரவரிசைக்காரருக்கு வன்னியிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
கியூ.எஸ். தரவரிசை நிறுவனம்,
இலண்டன்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

உயர்தரப் பெறுபேறு வந்ததும் கிளிநொச்சியில் வீட்டுக்கு வீடு உங்கள் பல்கலைக்கழகப் பட்டியலை விரித்துவைத்து, ஒக்ஸ்போர்டா மொறட்டுவையா என்று விடியவிடிய விவாதிப்பதாக நீங்கள் நினைத்திருக்கலாம். மன்னிக்கவேணும். விருப்ப வரிசையை நிரப்புவது மட்டும்தான் எங்கள் வேலை. மிச்சத்தை இசட் புள்ளியும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. ஆக, எங்களுக்கும் ஒரு பட்டியலில் இடம் கிடைத்திருக்கிறது.

உங்கள் கணக்கில் பேராசிரியர்களிடம் விசாரித்தறியும் நற்பெயருக்கு மட்டும் நூற்றுக்கு 30 புள்ளி. கல்யாணப் பேச்சில் நாங்களும் இப்படித்தான் விசாரிப்போம். தசமப் புள்ளி போடமாட்டோம், அவ்வளவுதான். வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஆகஸ்டில். அதன் பெயரை உலகப் பேராசிரியர்கள் சரியாக உச்சரிக்கவே இன்னும் சில வருடம் வேணும், நற்பெயர் பிறகு.

வெளிநாட்டு மாணவர் விகிதத்துக்கும் 5 புள்ளி வைத்திருக்கிறீர்கள். மாத்தறையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, பாஷை தெரியாமல் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவில் இறங்கும் பிள்ளைக்கு அரைப் புள்ளியாவது போடக்கூடாதா?

குறை உங்களில் மட்டுமில்லை. இங்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளையிடம், "மொறட்டுவை கிடைக்கேல்லையோ?" என்று கேட்கிற மாமாமார் எங்களிடமும் இருக்கினம்.

காசு கட்டிப் பிள்ளையை வெளிநாடு அனுப்புகிறவருக்கு உங்கள் பட்டியல் உதவும். முகவர் சொல்கிற பல்கலைக்கழகம் உண்மையில் இருக்கிறதா என்றாவது தெரியும். ஆனால் பிள்ளை போய் உட்காரப்போவது ஒரு துறையின் வகுப்பறையில். அங்கே எத்தனை விரிவுரையாளர் வெற்றிடம், ஆய்வுகூடத்தில் கருவி வேலை செய்யுமா, போன முறை முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் உங்கள் ஒற்றை இலக்கம் சொல்லாது.

ஆகவே, ஒரு புதிய அளவுகோலைச் சேர்க்குமாறு தாழ்மையுடன் கேட்கிறேன்: நாலு வருடப் பட்டத்தை நாலே வருடத்தில் முடித்துத் தருதல். இதற்கு அந்த 30 புள்ளியையும் கொடுத்துப் பாருங்கள். பட்டியல் தலைகீழானால் மாமாமாருக்கும் ஒரு பிரதி அனுப்பவும்.

இங்ஙனம்,
உயர்தரம் எழுதிய பிள்ளையின் தகப்பன்,
கிளிநொச்சி.